மூன்றாம் ஓலை

"உபியேரா, உபியேராஸ், உபியேரா…"

முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே பவுலின் முணுமுணுத்தாள். அடுத்த புதன்கிழமை அவளுக்குக் கல்யாணம். கல்யாணப் பெண் முணுமுணுத்தால் அது செபமாக இருக்கும், இல்லாவிட்டால் ஏதாவது பாட்டாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். இவளோ ஸ்பானிஷ் வினைச்சொல்லை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். பெங்களூர் காக்ஸ் டவுனில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு பாஷை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கு அதனால் காலணா பிரயோசனம் கிடையாது.

பவுலினுக்கு இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற அலெக்சாண்டர் பனாமாவிலிருந்து வந்தவன். அங்கே கொலோன் என்கிற துறைமுகத்தில், பம்பாய்க்காரர் ஒருவருடைய பட்டுக் கடையில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவன். பெங்களூர்ப் பட்டு வாங்க வந்த இடத்தில் பவுலினின் அண்ணன் மைக்கேல்ராஜுக்குச் சிநேகமாகி, வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்து, பெண்ணைப் பார்த்து, கேட்டும்விட்டான். வெள்ளை ட்ரில் சூட்டு, மடிப்புக் கலையாத கைக்குட்டை, வாய் நிறைய "அத்தை அத்தை" என்று மரியாதை. அம்மா பெர்னதெத் அந்த அத்தையிலேயே விழுந்துவிட்டாள். மைக்கேல்ராஜைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பனாமாவில் உனக்கும் ஒரு வேலை பார்த்து வைக்கிறேன் என்று அவன் சொன்ன நாளிலிருந்து இவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பவுலினுக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்? மிஷன் பள்ளிக்கூடத்தில் மூக்கொழுகும் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துச் சலித்தவளுக்குக் கப்பல், கடல் என்றால் கசக்குமா? ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. "அங்க பேசற பாஷைய எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்களேன்" என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டாள்.

அவன் சிரித்தான். "உனக்கு எதுக்கு அது? நீ அங்க யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல. நான் இருக்கேன்ல, எல்லாம் நான் பேசிக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் பவுலினுக்குச் சுருக்கென்றது. அவள் ரோஷக்காரி. யார்கிட்டயும் பேச வேண்டியதில்லையாமே, நான் என்ன ஊமைக் கோட்டானா என்று அன்றைக்கே பக்கத்து வீட்டு டோரீனிடம் போய்ப் பொருமினாள். டோரீன் ஆங்கிலோ இந்தியப் பெண், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, தமிழை வாயில் போட்டுக் கடித்துத் துப்புவாள். எப்போதோ செத்துப்போன மேஜர் ஒருவரின் சாமான்களை ஏலம் விட்டபோது அவள் அப்பா ஒரு டிரங்கு நிறையப் புத்தகம் வாங்கிப் போட்டிருந்தார். அதைக் குடைந்து, ஸ்பானிஷ் கற்கும் இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள்.

"கல்யாணத்தன்னைக்கு சாயங்காலம் நீ டக்குனு ஸ்பானிஷ்ல பேசணும். அந்த மனுஷன் மூஞ்சி போற போக்க நான் பாக்கணும், மேன்!" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. விளையாட்டுக்கு ஆரம்பித்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், டோரீன் வீட்டுப் புழக்கடையில், துவைக்கிற கல்லின்மேல் டோரீன் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்பாள், பவுலின் ஒப்பிப்பாள். சந்தைக்குப் போவது எப்படி, மருத்துவரைக் கூப்பிடுவது எப்படி, வீடு தீப்பிடித்தால் என்ன சொல்லிக் கத்துவது என்று புத்தகத்தில் எல்லாம் இருந்தது. பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய வாயல்லவா, மளமளவென்று பிடித்துக்கொண்டாள். கடைசிப் பாடம் ஒன்றுதான் கழுத்தை அறுத்தது. நடக்காமல் போனதை, நடந்திருந்தால் என்று சொல்வதற்கு அந்தப் பாஷையில் தனியாக ஒரு சட்டம். ஒவ்வொரு வினைக்கும் முன்னால் இந்த உபியேராவைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும்.

"மை காட், நடக்காததுக்கு எதுக்கு இவ்ளோ கிராமர்?" என்று டோரீன் அலுத்துக்கொண்டாள்.

பவுலினுக்கு அது புரிந்ததே தன் அம்மாவால்தான். பெர்னதெத்துக்கு மூச்சு விடுவதே அந்தப் பேச்சில்தான். உங்கப்பா இருந்திருந்தா நான் இப்படிச் சீரழிவேனா, அந்த மைசூர் சம்பந்தத்துக்குத் தலையாட்டியிருந்தா இன்னேரம் பேரன் எடுத்திருப்பேனே, நேத்தே துவைச்சிருந்தா இந்த மழையில நனைஞ்சிருக்குமா. அம்மா புலம்பப் புலம்பப் பவுலின் அடுப்படியில் நின்று அதை மனசுக்குள் ஸ்பானிஷில் போட்டுப் பார்ப்பாள். வந்திருந்தால், கேட்டிருந்தால், கத்தியிருந்தால். உபியேரா, உபியேராஸ், உபியேரா. இரண்டு வாரத்தில் அது நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதற்கிடையில் கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் வாசிப்பார். அதில் ஒரு வில்லங்கம் வந்தது. வெளிதேசத்தில் இருந்தவன் அங்கே ஏற்கெனவே கல்யாணம் ஆகாதவன் என்று அந்த ஊர்ப் பங்குக் கோயிலிலிருந்து காகிதம் வர வேண்டும். அலெக்சாண்டர் எழுதிப்போட்டதாகச் சொன்னான், காகிதம் வரவில்லை. கப்பலுக்கோ நாள் நெருங்கிவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில், ஆளை நன்றாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தால் போதும் என்று ஒரு வழி உண்டு. அலெக்சாண்டரின் லாட்ஜில் தங்கியிருந்த வியாபாரி ஒருவர் சத்தியம் செய்தார். இன்னொரு ஆள் யார் தெரியுமா? மைக்கேல்ராஜ்! அலெக்சாண்டரைச் சித்திரை மாசத்துக்கு முன்னால் இவன் கண்ணால் கண்டதில்லை. சின்ன வயசிலிருந்து தெரியும் என்று வேதத்தின்மேல் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்தான்.

இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலை வருகிற ஞாயிற்றுக்கிழமை.

மாப்பிள்ளையிடம் ஒன்றிரண்டு விநோதம் இருந்ததைப் பவுலின் கவனிக்காமல் இல்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கொல்லைக் கதவு எங்கே என்று பார்ப்பான். அவள் தம்பி முறையான ஒருவன் காமெராவோடு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக் கைக்குழந்தை தூக்கத்திலிருந்து விழித்து வீல் என்று கத்தியது. குழந்தை என்றால் கத்தாதா? அலெக்சாண்டர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். "பிள்ளைச் சத்தம் ஆகாது போல, ஆம்பளைங்களுக்கு அப்படித்தான்" என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், கல்யாணச் சேலைக்கு ரவிக்கைத் துணி கொண்டு வந்தவன், வாசற்படியிலேயே கிடுகிடுவென்று நடுங்கினான். பனாமாவில் பிடித்த மலேரியாக் காய்ச்சல், அவ்வப்போது திரும்பும் என்றான். சொல்லி வாய் மூடுமுன் விழுந்துவிட்டான். மைக்கேல்ராஜின் கட்டிலில் தூக்கிப் போட்டார்கள். டாக்டர் வந்து கொய்னா மருந்து கொடுத்துவிட்டு, இறங்கும்வரை ஈரத்துணி போடுங்கள் என்று சொல்லிப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின்மேல் அது கொட்டுகிற சத்தத்தில் வீடே இருண்டு கிடந்தது. முன்னறையில் பெர்னதெத் தெருப் பெண்களைக் கூட்டி வைத்துச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே பவுலின் கட்டிலோரத்தில் உட்கார்ந்து துணியை நனைத்து அவன் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. சுவரோரத்தில் யாரோ நிற்பதுபோல் அங்கேயே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

"சி நோ உபியேராஸ் கிரிதாதோ, இனெஸ்…"

முதலில் பவுலினுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐயோ பாவம், என்ன சொல்வது? தான் படித்த பாஷையை முதன்முதலாக அதைப் பேசத் தெரிந்த ஒரு மனிதனின் வாயிலிருந்து கேட்கிறாள், அதுவும் அவளை அத்தனை பாடுபடுத்திய அதே பாடம். இரண்டாம் தடவை அவன் சொன்னபோதுதான் அர்த்தம் வந்து மண்டையில் இறங்கியது.

நீ கத்தாமல் இருந்திருந்தால், இனெஸ்.

அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். உதடு காய்ந்து வெடித்திருந்தது, கண்ணோரத்தில் நீர் வழிந்தது. நீ கத்தாமல் இருந்திருந்தால். என்னைப் போகவிட்டிருந்தால். நான் உன்னைத் தொட்டிருக்கமாட்டேன். என் மனைவியே, நான் உன்னைத் தொட்டிருக்கமாட்டேன். கை இரண்டும் போர்வைக்கு வெளியே வந்து, காற்றில் எதையோ பிடித்து அழுத்தின. பவுலின் தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு குரல் இறங்கிப்போய், கெஞ்சுகிற மாதிரி இன்னொன்று சொன்னான்.

"சி லா நீஞா நோ ஸே உபியேரா தெஸ்பெர்தாதோ."

குழந்தை விழிக்காமல் இருந்திருந்தால்.

அதை மட்டும் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பவுலின் கையிலிருந்த துணி தரையில் விழுந்தது. முன்னறையிலிருந்து பெர்னதெத் எட்டிப் பார்த்து, அவன் கண்ணில் நீரைக் கண்டதும் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "பாத்தியாடி, உணர்வு தப்பின நேரத்துலகூட மாப்பிள்ளை செபம் சொல்றாரு. இவர கட்டிக்க நீ குடுத்து வச்சிருக்கணும்!"

பெண்கள் எல்லாம் போன பிறகு பவுலின் அம்மாவை அடுப்படிக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்பானிஷ் படித்த கதையையும் சேர்த்துச் சொன்னாள். பெர்னதெத் வாயைப் பிளந்தாள்.

"உனக்கு அந்தப் பாஷை தெரியுமா? எப்ப இருந்து?"

"அதுவாம்மா இப்ப முக்கியம்? அவருக்குப் பொண்டாட்டி இருந்திருக்கா. குழந்தை இருந்திருக்கு. அவள என்னவோ பண்ணிட்டாரும்மா."

"காய்ச்சல் முத்தினா மனுஷன் ஆயிரம் உளறுவான். உங்கப்பா சாகறப்ப மகாராஜாவோட சீட்டு ஆடறேன்னு சொன்னாரு, ஆடினாரா? புஸ்தகத்துல நாலு எழுத்துப் படிச்சுட்டு ஒரு மனுஷன் தலையில கொலைய தூக்கிப் போடறியே. ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. இப்ப நிறுத்தினா அப்புறம் உன்ன எவன் கட்டுவான்? நாக்க அடக்கு."

மைக்கேல்ராஜிடம் சொன்னாள். அவன் அம்மாவைப்போல் சண்டை போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. முகம் வெளுத்துப்போய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன் பவுலின்."

"பொய்ச் சத்தியம்தானேண்ணா."

"மெதுவாப் பேசு! சாமியார்கிட்ட போய் என்னன்னு சொல்லுவ? காய்ச்சல்ல உளறினதுக்கு யார் சாட்சி? நீ ஒருத்திதான். எனக்குத் தெரியும்னு நான் வேதத்துமேல கைவச்சு சொல்லியிருக்கேன். உன் பேச்ச நம்பினா என்னைக் கோயில் படி ஏற விடுவாங்களா? ஆம்ப்ரோஸ் சாமியார் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" கையைப் பிடித்துக்கொண்டான். "நீ தப்பாப் புரிஞ்சுகிட்டிருப்ப. அப்படியே வச்சுக்கோ. உன்னக் கையெடுத்துக் கும்பிடறேன்."

கூடப்பிறந்தவன் இப்படிச் சொன்னால் ஒரு பெண் எங்கே போய் முட்டிக்கொள்வாள்? நடுக்கடலில் ஒரு கப்பல், அதில் இந்த மனிதன், கொலோனில் யாரிடமும் பேச வேண்டியதில்லாத ஒரு வீடு. அன்றைக்குப் பூராவும் அதுவே அவள் கண்முன் நின்றது. டோரீன் ஒருத்திதான் கேட்டவுடன் நம்பினாள். "அவன் எழுந்தா என்ன பேசினேன்னு கேப்பான், பாரு. உனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு வேர்டுகூடத் தெரியாது. புரிஞ்சுதா?" என்றாள்.

சனிக்கிழமை காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, சவரம் செய்யாத முகத்தோடு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். பவுலின் அந்த அறை மூலையிலேயே குமுட்டி அடுப்பை வைத்து அவனுக்குக் கஞ்சி சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். பெர்னதெத் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏதாவது பேசினேனா, அத்தை?"

"செபம் சொன்னீங்க மாப்பிள்ளை! கண்ணுல தாரை தாரையாத் தண்ணி. உங்க ஊர்ப் பாஷையில. பவுலின்தான் பக்கத்துலயே இருந்தா."

பெர்னதெத் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பெண் ஸ்பானிஷ் படித்த விஷயம் வெளியே வந்தால் கோபித்துக்கொள்வானோ என்று மறைத்தாளாம். அவள் வாழ்நாளில் வாயை மூடிக்கொண்டு செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அலெக்சாண்டர் மெல்லத் தலையைத் திருப்பினான். "நான் என்ன சொன்னேன், பவுலின்?"

"எனக்கென்ன தெரியும்? கடமுடன்னு ஏதோ சொன்னீங்க." அவள் கஞ்சியைத் துழாவினாள். கரண்டி பாத்திரத்தில் மோதிக் கடகடத்தது. அவன் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். மழைவிட்ட தெருவில் கீரைக்காரி கன்னடத்தில் கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் தேய்ந்து மறைந்த பிறகு அவன் பேசினான். மெல்ல, ஆசை வார்த்தை சொல்கிற மாதிரி, புன்சிரிப்போடு சொன்னான்.

"ஃபுவேகோ, பவுலின். து வெஸ்தீதோ ஸே கேமா."

நெருப்பு, பவுலின். உன் உடை எரிகிறது.

சோதிக்கிறான். அவளுக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. திரும்பினால் தீர்ந்தது, குனிந்து பார்த்தால் தீர்ந்தது. அவள் கஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். உப்பு போட்டோமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். அப்போது நாற்றம் வந்தது. துணி பொசுங்குகிற நாற்றம். அதற்கப்புறம் கெண்டைக்காலில் சூடு.

பொய்ச் சோதனை இல்லை. நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தது. குமுட்டியிலிருந்து உருண்ட கங்கில் சேலையின் பின்கொசுவம் பட்டுப் பற்றியிருந்தது. அதை அவன் பார்த்துவிட்டான், பார்த்துவிட்டுத்தான் சொல்கிறான், தமிழில் சொல்லாமல்! அடப்பாவி என்று அவள் நெஞ்சு அலறியது. வாய் அலறவில்லை. இனெஸ் கத்தினாள். நான் கத்தக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு கரண்டியை ஒரு சுற்று சுற்றினாள், இன்னொரு சுற்று சுற்றினாள். தோல் பொரிகிற வலி இடுப்புவரை ஏறியது. அவன் தலையணையிலிருந்து எழவில்லை, கையை நீட்டவில்லை. அடுத்து என்ன செய்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ மாதாவே! எரியுதுடி!" பெர்னதெத் வெற்றிலையை வீசியெறிந்துவிட்டு ஓடிவந்து, வெறுங்கையாலேயே அடித்து அணைத்தாள். அப்போதுதான் பவுலின் கத்தினாள். கத்த அனுமதி கிடைத்தவள்போல் வீடு அதிரக் கத்தினாள்.

"பாத்துக்கிட்டே இருந்தீங்களே மாப்பிள்ளை?" என்று பெர்னதெத் மூச்சு வாங்கக் கேட்டாள்.

"சொன்னேனே அத்தை! பதட்டத்துல எனக்குத் தமிழே வரல, அந்தப் பாஷைதான் வாயில வந்துச்சு. எழுந்திருக்கப் பாத்தேன், காலு நிக்கல." குரல் நடுங்கிற்று. கண்கூடக் கலங்கிற்று. பெர்னதெத் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாவம் காய்ச்சல்காரர் என்று சொல்லிக்கொண்டு, பெண்ணின் காலுக்கு வெண்ணெய் எடுத்துவரப் போனாள்.

அலெக்சாண்டருக்கு ஏகக் குஷி. சோதனையில் அவன் ஜெயித்தாயிற்று, பெண்ணுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கஞ்சியைக் குடித்துவிட்டு, சாயங்காலமே சட்கா வண்டி வைத்துக்கொண்டு கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜுக்குக் கிளம்பிப் போனான். போகிறபோது பவுலினின் கன்னத்தில் லேசாகத் தட்டினான். அவள் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

தன்னுடைய ஓலை தன் காதில் விழக் கூடாது என்பது அந்தத் தெரு வழக்கம். விழுந்தால் கல்யாணம் விளங்காது என்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு அம்மாவும் அண்ணனும் பூசைக்குப் போனார்கள். மாப்பிள்ளைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, அவன் முதல் வரிசையிலேயே உட்காருவான். வாசல் வெறிச்சென்று ஆனதும் பவுலின் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கால் புண்ணில் கட்டுப் போட்டிருந்தது, ஊன்றினால் உயிர் போயிற்று. டோரீன் ஓடிவந்து தோள் கொடுத்தாள். "ஆர் யூ ஷூர், பவுலின்? உன்ன யாரும் நம்பலேன்னா?"

"விளங்காத கல்யாணம்தானே எனக்கு வேணும்? வா."

அவர்கள் நுழைந்தபோது பிரசங்கம் முடிந்திருந்தது. ஆம்ப்ரோஸ் சாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். "…இவர்களுடைய விவாகத்துக்கு இது மூன்றாம் ஓலை. விக்கினம் ஏதாகிலும் அறிந்தவர்கள் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

"நான் அறிவேன், சாமி."

கோயில் முழுக்கத் திரும்பியது. பெண்கள் பக்கத்திலிருந்து பெர்னதெத், "அடி பாவி" என்று எழுந்தாள். ஆண்கள் பக்கத்தில் மைக்கேல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

சாமியார் தடுமாறினார். "பூசை முடிந்து அறைக்கு வாம்மா, பேசலாம்."

"முடிஞ்சப்புறம் என் பேச்சு எடுபடாது, சாமி. இவருக்குப் பொண்டாட்டி இருந்தா. குழந்தை இருந்துச்சு."

அலெக்சாண்டர் எழுந்து நின்றான். கோபமே இல்லை, முகத்தில் அப்படி ஒரு கனிவு! "பாவம், என் காய்ச்சல் அவளுக்கும் ஒட்டிக்கிச்சு, சாமி. நேத்து வேற நெருப்புச் சுட்டுடுச்சு. பயந்துபோயிருக்கா. அத்தை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. பெர்னதெத் பெண்ணின் கையைப் பிடித்து இழுக்க வந்துவிட்டாள்.

பவுலின் அவனை நேருக்கு நேர் பார்த்தாள். புழக்கடையில் துவைக்கிற கல்லின்மேல் படித்தது அத்தனையும் நாக்கில் வந்து நின்றது.

"சி லா நீஞா நோ ஸே உபியேரா தெஸ்பெர்தாதோ" என்று ஒவ்வொரு சொல்லாக, அவன் சொன்னபடியே சொன்னாள். பிறகு கேட்டாள். "தோந்தே எஸ்தா லா நீஞா?" அதையே தமிழிலும் கேட்டாள். "அந்தக் குழந்தை எங்க?"

அவன் முகத்திலிருந்த கனிவு அப்படியே இருந்தது, ஆனால் கண் மட்டும் மாறிப்போயிற்று. அவள் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கோயிலில் இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டான் போலும்.

"அப்போ நேத்து உனக்குப் புரிஞ்சுது" என்றான். "எரியுதுன்னு நான் சொன்னது புரிஞ்சும் அசையாம நின்ன."

பெர்னதெத்தின் கை பெண்ணின் மணிக்கட்டில் இருந்தது. அந்தப் பிடி தளர்ந்தது. அவள் மந்தபுத்திக்காரிதான், ஆனால் அவளுக்கும் இது புரிந்தது. பதட்டத்தில் வந்த பாஷை இல்லை அது. புரிகிறதா என்று பார்க்கச் சொன்னது.

"டேய்" என்றாள் பெர்னதெத். பூசை நேரத்தில், பீடத்துக்கு முன்னால், மாப்பிள்ளையைப் பார்த்து! "டேய், என் பொண்ணு எரியறப்ப நீ வேடிக்கை பாத்தியாடா? எரிய விட்டுச் சோதிச்சியாடா? உன் கையில என் பொண்ணக் குடுக்க இருந்தேனே, சண்டாளா!" தீய்ந்த இரண்டு உள்ளங்கையையும் சாமியார் பக்கம் விரித்துக் காட்டி, வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகுதான் மைக்கேல்ராஜ் எழுந்தான். நெஞ்சில் அறைந்துகொண்டான். "நான் சொன்னது பொய், சாமி. எனக்கு இவன முன்னபின்ன தெரியாது. பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்."

யாரும் அலெக்சாண்டரைத் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவும் இல்லை. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு நடுவழியில் நிதானமாக நடந்து வந்தான். பவுலின் நின்ற இடத்தில் ஒரு கணம் நின்றான். டோரீன் அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சி நோ உபியேராஸ் அப்லாதோ…" என்று மெதுவாக அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி ஆரம்பித்தான். நீ பேசாமல் இருந்திருந்தால். பாதியில் நிறுத்திவிட்டு, கன்னத்தைத் தட்டுவதுபோல் காற்றில் கையை லேசாக அசைத்துவிட்டு வெளியே போனான்.

சாமியார் சொல்லிப் போலீஸ்காரர்கள் லாட்ஜுக்குப் போனபோது அறை காலியாக இருந்தது. பம்பாய் ரயில் ஏறினான் என்றார் ஒருவர், மெட்ராஸ் ரயில் என்றார் இன்னொருவர். எங்கேயும் போகவில்லை, ரஸ்ஸல் மார்க்கெட்டில் வெள்ளை சூட்டில் பார்த்தேன் என்று அடுத்த வாரம் பால்காரர் சத்தியம் செய்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே, புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறபோது பெர்னதெத் கேட்டாள். "போறப்ப உன்கிட்ட என்னமோ சொன்னானே, என்னடி அது?"

"ஒண்ணுமில்லம்மா. பாதியிலயே விட்டுட்டுப் போயிட்டான்."

"மீதி என்னவா இருக்கும்?"

எதிர்வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. பெர்னதெத் கட்டுப் போட்டு முடிக்காமலே எழுந்துபோய்க் கொல்லைக் கதவைத் தாழ்போட்டாள், போட்ட தாழை இழுத்துப் பார்த்தாள், பிறகு உலக்கையைக் கொண்டுவந்து அதற்கு முட்டுக் கொடுத்தாள்.